நான் போட்டது வேறு, தானாக வந்தது வேறு

நிறுவிய துணைநிரல் (மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல், ப்ளகின்) எல்லாம் மென்பொருளைத் திறந்ததும் தானாக ஏற வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். டிசைன் போட நானே தேடிப் போட்ட துணைநிரல், கால் பூ வரைந்தால் முழுப் பூவாக்கித் தரும். அது திறந்ததுமே தயாராக இருக்கட்டும். ஆனால் பிரிண்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு துணைநிரலும் கூடவே ஏறி, நிறத்தையெல்லாம் மாற்றிவிட்டது. வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய செங்காவி, அரக்கு நிறத்தில் அச்சாகி வந்தது. ஒரு நாள் வேலை போச்சு.

வேறு நிரல்கள் நுழைத்த துணைநிரல்களை, நாம் சம்மதிக்கும்வரை முடக்கி வைக்கும் வழக்கத்தை ஃபயர்ஃபாக்ஸ் இணைய உலாவி 2011-லேயே கொண்டுவந்தது. விம் என்ற உரை எடிட்டரிலும் 2016-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் 'ஸ்டார்ட்' கோப்புறையில் இருப்பது தானாக ஏறும், 'ஆப்ட்' கோப்புறையில் இருப்பது கூப்பிட்டால்தான் வரும். இந்தப் பிரிவினை எங்கள் டிசைன் மென்பொருளுக்கும் வேண்டும்.