தூரத்தைக் கேட்டால் தூரத்தைச் சொல்லுங்கள்

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை, வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. எங்கள் ஊரில் காற்றாலையைக் காத்தாடி என்போம். அத்தை எழுந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. "புதுசா வைக்கப்போற காத்தாடி எங்க வீட்டுல இருந்து எவ்வளவு தூரம் வரும்?" முன்னால் நாற்காலியில் இருந்தவர் திருப்பிக் கேட்டது, "வீட்டுல ஃபேன் போடுவீங்களா, மாட்டீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அத்தை உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக எனக்கு அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

தூரத்தைக் கேட்டால் தூரத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது அத்தை கண்டுபிடித்த கேள்வியும் இல்லை. வீடுகளில் இருந்து 500 மீட்டர் தள்ளித்தான் காற்றாலை வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலே சொன்னது. ஆனால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி வாங்கவேண்டிய திட்டங்களின் பட்டியலில் காற்றாலை இல்லை. அனல்மின் நிலையம் வந்தால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், காத்தாடி வந்தால் யாரும் எங்களைக் கேட்கவேண்டிய கட்டாயம் கிடையாது. எங்களுக்கு இருக்கிற ஒரே இடம் கிராம சபை. அங்கேயும் சிரித்தால் எங்கே போய்க் கேட்பது?

கமெண்டில் வந்து "வளர்ச்சிக்கு எதிரி" என்று எழுதுகிறவர்கள், ஒரு நாள் அத்தை வீட்டு அடுக்களையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்து உட்காருங்கள். மேற்கே நிற்கிற பழைய காத்தாடியின் நிழல் ஜன்னல் வழியாக உள்ளே வரும். அரிவாள்மணை, முறம், எதிர்ச்சுவர், திரும்பவும் அரிவாள்மணை என்று இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வெட்டிக்கொண்டே இருக்கும். காய் நறுக்க முடியாது. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் இறக்கை சுற்றுகிற சத்தம் ஒன்று, காற்று திசை மாறும்போது தலைப்பாகம் திரும்புகிற கரகர சத்தம் இன்னொன்று. இத்தனையும் சின்னக் காத்தாடியால். 225, 250 கிலோவாட் பழசுகளைக் கழற்றிவிட்டு அந்த இடங்களில் பல மடங்கு பெரிய இயந்திரங்களை வைக்கத்தான் தமிழக அரசு 2024-ல் கொள்கை கொண்டுவந்தது. புதியவை 100 மீட்டருக்கு மேல் நிற்கும். எண்ணிக்கை குறையும், நிழல் நீளும். தூரத்தை இப்போது கேட்காமல் எப்போது கேட்பது?

எங்கள் தாத்தாவும் நிலம் கொடுத்தவர்தான். 1990-களில் காத்தாடி வாங்கினால் முதல் வருடமே முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வரி மிச்சம் யாருக்கோ, முப்பந்தல் பக்கம் புரோக்கர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். தாத்தா ஆடு மேய்த்த பனங்காட்டில் ஒரு துண்டு போனது. போனது அந்தத் துண்டு மட்டும் இல்லை. கிரேன் வருவதற்காக ஓடைக்குக் குறுக்கே செம்மண் அடித்துப் பாதை போட்டார்கள், ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. ஐப்பசி மழையில் குளத்துக்கு வரவேண்டிய தண்ணீர் பாதையில் முட்டி, பக்கத்து வயலில் பாய்ந்து, ரோட்டுக்குப் போய்விடும். அப்பா மண்வெட்டியோடு போய் ஒரு தடவை வெட்டிவிட்டார். மறுநாள் வீட்டுக்கு ஆள் வந்து மிரட்டினார்கள். நம் குளத்துக்கு நம் தண்ணீரைத் திருப்பியதற்கு!

"கூடங்குளமும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காற்றாலை வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன், காட்டுங்கள். நிலக்கரிப் புகையைவிட, அணுக்கழிவைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது, சந்தேகமே இல்லை. தூரம் கேட்பது எதிர்ப்பு ஆகாது.

"காத்தாடி மழையைக் கெடுக்குது" என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். அது சரியில்லை, அதைப் பேசினால் மற்ற உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள், விட்டுவிடுங்கள்.

"பறவை எல்லாம் ஒரு பிரச்சினையா" என்பவர்களுக்கு: மகாராஷ்டிராவின் சால்கேவாடி பீடபூமியில் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். காற்றாலை இருக்கும் இடத்தில் இரைக்கொல்லிப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான், அவை இல்லாததால் ஓணான்கள் பெருகிவிட்டன. பருந்து வரவில்லை என்றால் அதோடு நிற்காது, கீழே தரையில் இருக்கிறது வரைக்கும் கணக்கு மாறும். நார்வேயில் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்ததில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாம். சின்ன அளவில் செய்த சோதனைதான், ஆனால் செய்து பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. இங்கே காத்தாடிக்கு அடியில் செத்துக் கிடக்கிற வவ்வாலை எண்ணக்கூட ஆள் இல்லை. லைனில் அடிபட்டு விழுகிற மயிலை நாய் இழுத்துக்கொண்டு போவதோடு சரி.

எனக்குக் கோபம் காத்தாடி மேல் இல்லை மக்கா. நம் மலையை உடைத்து லாரி லாரியாக எல்லை தாண்டிக் கேரளாவுக்குக் கொண்டுபோகிறார்கள், கேட்டால் வளர்ச்சி. நம் காற்றில் எடுக்கிற கரண்ட் எங்கெங்கோ போகிறது, போகட்டும், அதுவும் வளர்ச்சிதான். நமக்கு மிஞ்சியது வாட்ச்மேன் வேலை. அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக சபையில் எழுந்து பேசியவர், தூரத்தைக் கேட்டதற்குச் சிரித்தீர்களே. சிரித்தவர்களில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 2-ல் அடுத்த கிராம சபை. புதுக் காத்தாடிக்கு அளந்து கல் நட்ட இடங்களுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். டேப் எடுத்துக்கொண்டு நாங்களே வந்து அளக்கிறோம். வீட்டு வாசலில் இருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மனுவாகக் கொடுப்போம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் யாரும் எழுந்து போகக் கூடாது.