அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை வெள்ளியில் போடாதீர்கள்

"தங்கம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, இனி நம்மைப் போன்றவர்களுக்கு வெள்ளிதான்" என்று சொல்லும் வீடியோக்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகின்றன. அதில் ஒருவர், வீட்டில் சும்மா கிடக்கும் நகையை அடகு வைத்து அந்தப் பணத்தில் கட்டி வெள்ளி வாங்கச் சொல்கிறார். உலகமே ஆட்டம் காண்கிறது, வெள்ளி மட்டும் காப்பாற்றும் என்கிறார். இதைக் கேட்டு யாராவது தாலிச் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெள்ளி ஏறாது என்று நான் சொல்லவில்லை. 2025 தொடக்கத்தில் சென்னையில் கிராம் 100 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, அக்டோபரில் 200ஐத் தாண்டியது. காரணமும் இருக்கிறது. உலகத்தின் வெள்ளித் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுடையது. சோலார் பேனல், மின்னணுச் சாதனங்கள், மின்சார வண்டி என்று எல்லாவற்றுக்கும் வெள்ளி வேண்டும். சுரங்கத்தில் கிடைப்பதில் பெரும்பகுதியோ ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே வருவது. விலை ஏறிவிட்டது என்பதற்காக உடனே அதிகம் தோண்டிவிட முடியாது.

ஆனால் உலகம் பயப்படும் நேரத்தில் இதே தொழிற்சாலைத் தேவைதான் வெள்ளியின் காலை வாருகிறது. ஆர்டர் குறைந்தால் வெள்ளி வாங்குவதும் குறையும். தங்கத்தை மத்திய வங்கிகள் வாங்கி வைக்கின்றன, நம் ரிசர்வ் வங்கியிடமே 2025 கடைசியில் சுமார் 880 டன் இருந்தது. வெள்ளிக்கு அப்படிப்பட்ட தாங்கு கிடையாது. 2008 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) வெள்ளி 20 டாலருக்கு மேல் இருந்தது. அமெரிக்க வங்கிகள் சரிந்த அந்த அக்டோபரில் 9 டாலருக்கும் கீழே போனது. தங்கமும் இறங்கியது, ஆனால் இவ்வளவு இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் வெள்ளி 12 டாலருக்கும் கீழே விழுந்தது, ஆகஸ்டில் 29 டாலர் வரை ஏறியது. வீடியோக்காரர்கள் ஆகஸ்டை மட்டும் காட்டுவார்கள்.

சம்பளம் நின்றுபோன குடும்பத்துக்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க முடியுமா? ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் என் சித்தி இரண்டு ஜோடி கொலுசை விற்கப் போனார், துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் முதலில் சலங்கை மணிகளை நறுக்கித் தனியாக வைத்தார். திருகாணியையும் எடுத்துவிட்டார். மிச்சத்தை எடை போட்டு, ஓரிடத்தில் அரத்தால் ராவிப் பார்த்து, "பழைய கொலுசும்மா, பொடி நிறைய இருக்கு, டச் கம்மி" என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். பொடி என்றால் பற்றவைப்பு, டச் என்றால் வெள்ளியின் தூய்மை. சித்தி திரையை இரண்டு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் எங்களை ஏமாற்றவில்லை, கொலுசு வியாபாரத்தின் கணக்கே அதுதான்.

ஒரு உதாரணக் கணக்கு பாருங்கள். கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் கொலுசு 20,000. செய்கூலி, சேதாரம் 15 சதவீதம் என்றால் 23,000. அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 23,690. திரும்ப விற்கும்போது அதில் 80 சதவீதம்தான் வெள்ளி என்று கணக்கிட்டால் கைக்கு வருவது 16,000. போட்ட பணம் திரும்பவே விலை கிட்டத்தட்ட பாதி அளவு ஏற வேண்டும். கொலுசு குழந்தை காலில் போட்டு அழகு பார்க்க வாங்குவது. தாராளமாக வாங்குங்கள், சேமிப்புக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

சரி, கட்டியாக வாங்கலாமே? நஷ்டம் குறையும். ஆனால் 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிகளின்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வெள்ளி நகைக்கும் நாணயத்துக்கும்தான் கடன் தரலாம், கட்டிக்குத் தரக் கூடாது. பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் வெள்ளி ஃபண்டான இ.டி.எஃப் யூனிட்டுக்கும் கிடையாது. ஆக, விற்றால் அடி வாங்கும் கொலுசை அடகு வைக்கலாம், விற்றால் நஷ்டம் குறைந்த கட்டியை வைக்க முடியாது. அவசரம் என்று வரும்போதுதான் இந்த முடிச்சு தெரியும்.

கடன் வாங்கி வெள்ளி வாங்கியவர்களின் கதை 1980லேயே நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஹன்ட் சகோதரர்கள், எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த கோடீஸ்வரர்கள். டாலர் மதிப்பு கரைந்துவிடும் என்று பயந்து வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1979 தொடக்கத்தில் 6 டாலர் இருந்தது 1980 ஜனவரியில் 50ஐத் தொட்டது. கடனில் வாங்குவதற்குச் சந்தை கட்டுப்பாடு போட்டது. மார்ச் 27 அன்று ஒரே நாளில் விலை பாதியாகி 11 டாலருக்கும் கீழே வந்தது. அவ்வளவு பெரிய பணக்காரர்களாலேயே கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஜனவரியில் வாங்கியவர் 50 டாலரைத் தெளிவாகத் தாண்டிப் பார்க்க 2025 அக்டோபர் வரை, 45 வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் 2011 ஏப்ரலில் பக்கத்தில் வந்துவிட்டு மே முதல் வாரத்திலேயே சரிந்தது.

அந்த 2025 அக்டோபரிலும் என்ன நடந்தது? தீபாவளிக்கு முன் இங்கே சரக்குத் தட்டுப்பாடு. சர்வதேச விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். பல மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களே தங்கள் வெள்ளி ஃபண்டுகளில் ஒரே தடவையில் மொத்தமாகப் போடும் பணத்தை வாங்குவதை நிறுத்திவைத்தன. தீபாவளி முடிந்ததும் சர்வதேச விலையும் இறங்கியது, இங்கே கொடுத்த கூடுதல் பணமும் கரைந்தது. கடைசி வாரத்தில் அடித்துப்பிடித்து வாங்கியவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆறு மாதக் குடும்பச் செலவு முதலில் வங்கியில் இருக்கட்டும். அப்புறம் மருத்துவக் காப்பீடு. அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், ஐந்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் என்றால், மொத்தச் சேமிப்பில் ஒரு சின்னப் பங்கை வெள்ளியில் போடுங்கள். பங்குகளை வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கு இருப்பவர்களுக்கு இ.டி.எஃப் போதும், மாதாமாதம் கொஞ்சமாக. கையில் வேண்டும் என்பவர்கள் 999 (99.9 சதவீதத் தூய்மை) முத்திரை போட்ட நாணயமோ கட்டியோ வாங்கலாம். 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைக்கும் பொருளுக்கும் ஹால்மார்க் என்ற தூய்மை முத்திரையோடு, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளமான எச்யூஐடி எண் வந்திருக்கிறது. கட்டாயமில்லை என்பதால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கடைக்குப் போனால் இன்னொன்றும் கேளுங்கள்: "இதையே திரும்பக் கொண்டுவந்தால் எந்தக் கணக்கில் எடுப்பீர்கள், எவ்வளவு கழிப்பீர்கள், பணமாகத் தருவீர்களா?" பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.