மேல்நிலை வரலாற்றுத் தேர்வில் கட்டுரை என்பது எது?

கோவை, ஈரோடு வட்டாரத்தில் பன்னாட்டுப் பள்ளிகள் பெருகிய பிறகு, வரலாறு எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னைப் போன்ற மேல்நிலை ஆசிரியர்களிடம் கேட்பது, எந்தத் தேர்வு கடினம் என்பதுதான். அந்தத் தேர்வு கட்டுரையில் எதற்கு மதிப்பெண் தருகிறது என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

நம் மாநிலப் பாடத்திட்டத்தின் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில், ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழுக்கு 35 போகிறது. பாடநூலின் உட்தலைப்புகளை வரிசை மாறாமல் எழுதி அடிக்கோடிட்டவர் அதில் பெரும்பகுதியை வாங்கிவிடுவார். விடைக்குறிப்பே அப்படி அமைந்திருக்கும்போது, திருத்துபவரைக் குறை சொல்வதற்கில்லை. சி.பி.எஸ்.இ. வினாத்தாளில் சான்றுப் பத்திகளுக்கு 12 மதிப்பெண் உண்டு; ஆனால் ஒவ்வொரு பத்தியும் தனித்தனியே நிற்பதால், ஒன்றை மற்றொன்றோடு மோதவிட்டுப் பார்க்கும் வேலை அங்கும் இல்லை.

பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படிப்போர் எழுதும் அமெரிக்காவின் ஏ.பி. (Advanced Placement) வரலாற்றுத் தேர்வில் அந்த வேலைதான் மையம். ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, படிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வாதத்தை நிறுவச் சொல்கிறார்கள். மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அதற்கு. ஆவணமில்லாத நெடுங்கட்டுரைக்கு 40 நிமிடம், 15 விழுக்காடு. ஆயினும் ஆவணக் கட்டுரையின் 7 புள்ளிகளும் எவையெவை என்று முன்பே தெரிந்திருப்பதால், அங்கும் பயிற்சி நிலையங்கள் வார்ப்புகளை உருவாக்கிவிட்டன. (கைடு போடும் கலை நமக்கு மட்டும் உரியதன்று.)

பன்னாட்டுப் பள்ளிகளில் உள்ள ஐ.பி. (International Baccalaureate) படிப்பின் மேல்நிலைப் பிரிவின் (Higher Level) நடப்புத் திட்டத்தில், முதல் தாளான சான்றுத் தாளுக்கு அப்பால் இரண்டாம் தாளில் இரண்டும் மூன்றாம் தாளில் மூன்றுமாக ஐந்து கட்டுரைகள் எழுதவேண்டும். 2,200 சொற்களுக்குள் சொந்த ஆய்வும் உண்டு. ஒரு சான்று எங்கிருந்து, எந்த நோக்கத்தோடு வந்தது, அதனால் அதன் பயன் என்ன, எல்லை என்ன என்று கேட்கும் முதல் தாளையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன்.

நொய்யல் கரையிலேயே அப்படியொரு வினாவுக்கு வேண்டிய எல்லாம் கிடக்கின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணத்தின் (இன்றைய கொடுமணல்) அருங்கலத்தைப் பேசும் அடி, கொடுமணல் அகழாய்வில் கிடைத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடு, பச்சைக்கல் மணி, வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசு ஆகிய நான்கையும் அச்சிட்டு, 'சங்ககாலக் கொங்கு கடல்கடந்த வணிகத்தில் எந்த அளவு பங்கேற்றது?' என்று கேட்கலாம். பரிசில் பெறும் புலவன் அரசனின் செல்வத்தைப் பெருக்கிச் சொல்லியிருக்கலாம் என்பதையும், புதையலாகக் கிடைத்த காசு அது யார் கைமாறி வந்தது என்பதைச் சொல்லாது என்பதையும் கவனித்து எழுதும் மாணவர், பாடநூலின் உட்தலைப்புகளை ஒப்பிப்பவரைவிட வரலாறு அறிந்தவர்.

நம் மாநிலத் தேர்வின் அந்த ஏழு ஐந்து-மதிப்பெண் வினாக்களில் ஒன்றை மட்டும் இப்படி மாற்றினால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் முடியாது என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. காசையும் பானை ஓட்டையும் நேரில் பார்க்கும் தொலைவில் இருப்பவர்கள் அவர்கள்தாம். திருத்துவதில் ஆளுக்கு ஆள் வேறுபடுமே என்ற மறுப்பு நியாயமானது. முடிவைத் தெளிவாகச் சொன்னதற்கு ஒன்று, சான்றுகளைப் பயன்படுத்தியதற்கு இரண்டு, ஒரு சான்றையாவது ஐயுற்றதற்கு ஒன்று, வெளியிலிருந்து ஒரு செய்தி சேர்த்ததற்கு ஒன்று எனப் பிரித்து, திருத்தும் பணியின் முதல் நாளில் சில மாதிரி விடைத்தாள்களை எல்லோரும் சேர்ந்து திருத்திப் பார்த்துக்கொண்டால் அந்த வேறுபாடு பெருமளவு குறையும்.