வெயில் என்ற சொல்லும் ஒரு சோலார் பேனலும்

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம், வெயில் ஏற ஏறச் சோலார் பேனலின் வோல்டேஜ் ஏறுமா இறங்குமா என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் ஏறும் என்றே சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் வெயில் என்ற ஒரே சொல் ஒளியையும் சூட்டையும் சேர்த்தே குறிக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அன்றாடத்தில் நமக்கு வருவதே இல்லை.

அந்தத் தேவையை உண்டாக்குவதற்காகவே நான் பாடத்தை மொட்டை மாடியில் தொடங்குகிறேன். 36 செல்கள் தொடராக இணைந்த சிறிய பேனல் ஒன்றை நிழலான அறையில் வைத்திருந்து, உச்சிவேளையில் மாடிக்குக் கொண்டுபோய், நிமிடத்துக்கு ஒரு முறை மல்டிமீட்டரைப் பார்த்துக் குறிக்கச் சொல்வேன். மோட்டார், விளக்கு என்று எதையும் இணைக்காத நிலையில் ஏறத்தாழ 21 வோல்ட்டில் தொடங்கும் அளவு, பேனல் சூடாகச் சூடாக மெல்ல இறங்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். மேகம் மறைக்கிறது என்பார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் வாய் திறந்து விடையைச் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். மீட்டர்தான் காரணம் என்றால் வேறு மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். மேகம்தான் என்றால் வானத்தைப் பார்க்கட்டும். சூடுதான் என்று யாருக்காவது தோன்றினால், பேனலை அறையில் ஆறவைத்து அதே வெயிலில் மீண்டும் வைக்கும்போது பழைய அளவு திரும்புகிறதா என்று பார்க்கட்டும். எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது என்ற பேச்சு அப்போது அவர்களுக்குள் தானாகவே எழுகிறது. சிலிக்கான் செல் ஒவ்வொன்றும் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இழக்கும் என்பதை அதன் பிறகே சொல்கிறேன். பேனல் 30 டிகிரி சூடேறியதாக வைத்து 36 செல்களுக்கும் பெருக்கினால் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். தவறு என்று அவர்கள் அடித்துவிட நினைத்த அளவுகளோடு அது ஒத்துப்போகும்போது வகுப்பு அடங்கிப்போகிறது.

பேனலில் ஒரு மோட்டாரை இணைத்து, ஒரே ஒரு செல்லை அட்டையால் மூடினாலும் இதே திகைப்புதான். மின்திறனில் முப்பத்தாறில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிடுவார்கள். பாதியோ அதற்கு மேலோ போய்விடும். மூடிய செல்லில் மின்னோட்டம் குறைந்தால் தொடரில் உள்ள மற்ற செல்களிலும் குறையும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்று மனப்பாடமாக எழுதியவர்கள்தான் அவர்களும்.

அறிவியல் கண்காட்சிகளில் வைக்கப்படும் காற்றாலை மாதிரிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறக்கையைச் சுழற்றுவது அடியில் ஒளித்துவைத்த பேட்டரி. காற்றுக்கு அங்கே வேலையே இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகும் என்பதை, மின்விசிறிக்கு முன்னால் அட்டை இறக்கையும் பழைய டி.சி. மோட்டாரும் வைத்து, எட்டு மடங்கு ஏன் கிடைக்கவில்லை என்று தேடிய மாணவர் மறக்கமாட்டார்.

செய்முறைத் தேர்விலும் இதற்கு இடம் வேண்டும். எதிர்பார்த்த விடை வரவில்லை என்றால் அளவுகளைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதுவதுதான் இன்று பாதுகாப்பான வழி என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வந்த அளவை அப்படியே எழுதி, அது ஏன் வந்திருக்கலாம் என்று மூன்று வரி எழுதுபவருக்கு ஐந்து மதிப்பெண்ணாவது ஒதுக்குங்கள்.