அண்டார்டிகாவில் பிடிபட்டது கூடங்குளம் நியூட்ரினோ அல்ல

"அண்டார்டிகா பனிக்குள் விஞ்ஞானிகள் பிடித்த அதிசக்தி நியூட்ரினோ கூடங்குளத்தில் இருந்து போனதுதான், ராதாபுரம் பக்கத்துக் கிணறும் வாழையும் இதனால்தான் கெடுகிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வள்ளியூர், நாங்குநேரி குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. நியூட்ரினோ என்பது எதனுடனும் கிட்டத்தட்ட மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள்.

அணு உலையிலிருந்து எதிர்நியூட்ரினோக்கள் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்கள்) வருவது உண்மைதான். ஆனால் அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அடங்கிவிடும். 2017 செப்டம்பர் 22 அன்று அண்டார்டிகா பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகம் பதிவு செய்த நியூட்ரினோவின் ஆற்றல் ஏறக்குறைய 290 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். எந்த உலையாலும் அதைத் தர முடியாது.

அது வந்த திசையில், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம், பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு பிளேசார் இருக்கிறது. நடுவில் ராட்சதக் கருந்துளை கொண்ட விண்மீன் மண்டலம் அது. அங்கிருந்து பீறிடும் துகள் தாரை நேராக நம்மை நோக்கியிருக்கிறது. வேகமெடுத்த புரோட்டான்கள் ஒளியிலும் வாயுவிலும் மோதும்போது பையான்கள் என்ற குறுகிய ஆயுள் கொண்ட துகள்கள் பிறக்கும், அவை சிதைந்து நியூட்ரினோ வரும். 2022-இல் என்ஜிசி 1068 என்ற இன்னொரு மண்டலமும், 2023-இல் நமது பால்வீதியின் தளமும் அதிசக்தி நியூட்ரினோக்களின் மூலங்களாகத் தெரியவந்தன. மிச்சமுள்ள பெரும்பகுதியின் பிறப்பிடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வாழைக்கு ஆபத்தா? சூரியனிலிருந்தே நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஊடுருவிப் போகின்றன. தாமிரபரணி கரையில் நெல் அன்றும் விளைந்தது, இன்றும் விளைகிறது. கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், அதுதான் உதவும்.

ஐஸ்கியூபின் இணையதளத்திலும் 2018 ஜூலை 'சயின்ஸ்' இதழிலும் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.