திடீர்னு நடிக்கறதுக்கு எதுக்கு வாத்தியார்னு கேக்கறவங்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க ஓடறேன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. இம்ப்ரொவ் கிளாஸுக்குன்னு சொன்னேன். அப்படின்னா என்னன்னு அடுத்த கேள்வி. ஸ்கிரிப்ட் கிடையாது, ரிகர்சல் கிடையாது, ஆடியன்ஸ்ல யாராவது தேங்காய்னோ பேங்க் லாக்கர்னோ ஒரு வார்த்தை கொடுப்பாங்க, அதை வச்சு ரெண்டு பேரு அங்க நின்ன இடத்துலயே ஒரு சீனை உருவாக்கணும்னு விளக்கினேன். அதுக்கு வந்த பதில், "வாய் இருந்தா போதாதா, இதுக்கெல்லாமா காசு கொடுத்து வாத்தியார் வைப்பாங்க?" அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல, ஆனா அந்தக் கேள்வி ஒரு வாரமா மண்டைக்குள்ளயே இருக்கு. வாத்தியார் எதுக்குன்னு எனக்குத் தெரியும், ஏன்னா தப்பான வாத்தியார்கிட்டயும் நான் படிச்சிருக்கேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி இதே பெங்களூர்ல வேற ஒரு இடத்துல சேர்ந்தேன், பேர் வேண்டாம். 14 பேர்ல பொம்பளைங்க நாங்க மூணு பேரு. எந்த சீன் ஆரம்பிச்சாலும் எங்கள்ல ஒருத்தி பொண்டாட்டி, இல்லன்னா வீட்டு வேலைக்காரி. ஒரு நாள் ஒருத்தர் சீனுக்குள்ள என் இடுப்புல கை போட்டு இழுத்தாரு, நான் அப்படியே உறைஞ்சு நின்னுட்டேன், சீன் நின்னுபோச்சு. வாத்தியார் அவரை ஒரு வார்த்தை கேக்கல. என்னைப் பார்த்து, "நீங்க யெஸ் அண்ட் பண்ணல, பிளாக் பண்ணிட்டீங்க"ன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் எந்த மேடைப் பக்கமும் போகல.

யெஸ் அண்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, கூட நடிக்கறவங்க ஒரு விஷயம் சொன்னா அந்த சீன்ல அது உண்மைன்னு ஏத்துக்கணும், அதுக்கு மேல நம்ம பங்குக்கு ஒண்ணு வைக்கணும். அவரு என்னை டாக்டர்னு கூப்பிட்டா நான் டாக்டர்தான், இல்லைன்னு மறுத்தா அதுக்குப் பேருதான் பிளாக், கதை அங்கயே படுத்துடும். அவ்வளவுதான். அது கதைக்கு இருக்கற விதி, என் உடம்புக்கு இல்ல. இந்த வித்தியாசம் தெரியாதவர் வகுப்பு எடுக்கவே கூடாதுங்கறது என் கருத்து, அவர் மேடையில எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி.

இந்தக் கலை எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தா இன்னும் வருத்தமா இருக்கு. வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, சிகாகோவுல வெவ்வேற நாட்டுலேருந்து வந்து குடியேறின குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவங்க. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது, அதனால விளையாட்டு வழியா நடிக்க வச்சாங்க. அந்த விளையாட்டுங்கதான் இன்னிக்கு உலகம் முழுக்க இம்ப்ரொவ் கிளாஸ்ல நடக்குது. அவங்க பையன் பால் சில்ஸும் கூட்டாளிகளும் 1959ல சிகாகோவுல செகண்ட் சிட்டிங்கற இம்ப்ரொவ் நாடகக் குழுவை ஆரம்பிச்சாங்க. இன்னொருத்தர் கீத் ஜான்ஸ்டோன், லண்டன்லயும் அப்புறம் கனடா கால்கரியிலயும் சொல்லிக்கொடுத்தவர், 2023ல இறந்தாரு. புது மாணவர்கள் வந்தா அவர் தரையில உக்காந்துப்பாராம், நீங்க சொதப்பினா தப்பு என்னோடதுன்னு முதல்லயே சொல்லிடுவாராம். இதைப் படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா எனக்குக் கிடைச்சது அதுக்கு நேர் எதிர்.

இப்ப நான் போற இடம் இந்திராநகர்ல, ஒரு மாடி ஹால். டீச்சர் மலையாளி. முதல் நாளே சொன்னாங்க, யாருக்கு எப்ப சங்கடமா இருந்தாலும் கையைத் தூக்கி ஸ்டாப்னு சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லன்னு. அப்புறம் கண்ணாடி விளையாட்டு வச்சாங்க, ஸ்போலினோட விளையாட்டுல ஒண்ணு அது. ரெண்டு பேரு எதிரெதிர நின்னு ஒருத்தர் அசைய மத்தவர் பிரதிபலிக்கணும், அப்புறம் மாத்திக்கணும், கடைசில யாருமே முன்னாடி போகக் கூடாது, ரெண்டு பேரும் பின்தொடரணும். எனக்கு ஜோடி பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு கன்னட அங்கிள். கொஞ்ச நேரத்துல யார் கை முதல்ல அசையுதுன்னே தெரியல. அத்தனை மாசம் கழிச்சு ஒரு ஆம்பள முன்னாடி பயமில்லாம நின்னேன், அது எனக்குச் சின்ன விஷயம் இல்ல.

ஒரு நாள் டீச்சர் சொன்னாங்க, எல்லாரும் இங்கிலீஷ்ல யோசிச்சு யோசிச்சு இறுகிப்போறீங்க, அவங்கவங்க பாஷையில பேசுங்கன்னு. மல்லேஸ்வரத்துலேருந்து வர்ற ஒரு ஆன்ட்டி பூ விக்கறாங்க, நான் வாங்கறேன். அவங்க கன்னடம், நான் தமிழ். இல்லாத மல்லிச்சரத்தை முழங்கையிலேருந்து விரல் நுனி வரைக்கும் வச்சு அளந்தாங்க, அவங்களுக்கும் மொளம்தான், நமக்கும் மொழம்தான். நான் "உங்க கை குட்டையா இருக்கே, என் கையால அளங்க"ன்னு நீட்டினேன். ஒரு நொடி பார்த்தாங்க. அப்புறம் என் கையைப் பிடிக்கலாமான்னு கண்ணாலயே கேட்டு, நான் தலையாட்டினதும் மெதுவா என் முழங்கைல சரத்தை வச்சு, விரல் நுனில இழுத்துப் பிடிச்சு, அதுக்கு மேல ரெண்டு பூ கொசுறும் வச்சாங்க. ஹாலே சிரிச்சுச்சு. யாரும் ஜோக் சொல்லல.

இது நமக்குப் புதுசும் இல்ல. புதுக்கோட்டைப் பக்கம் என் தாத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு மிருதங்கம் வாசிச்சவரு. வேற வேற ஊர் நடிகருங்க ராத்திரி மேடையிலதான் சந்திப்பாங்க, ஒத்திகை இல்லாமலே வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும், வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நெருப்பா இருக்கும். வாய் இருந்ததாலயா முடிஞ்சுது? வருஷக்கணக்கா பாட்டும் வசனமும் ஊறிப்போனதால முடிஞ்சுது. அதே மேடையிலதான் பபூனோட இரட்டை அர்த்தப் பேச்சு முழுக்க கூட ஆடற பொண்ணு தலையில விழும், கெட்ட பேரும் அவளுக்குத்தான். நம்ம பாரம்பரியம்னு பெருமைப்படறப்போ அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

எங்க இம்ப்ரொவ் ஸ்கூல் டீம் ஷோ போடறப்போ போய்ப் பாருங்க. மேடை ஏறறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தர் முதுகையும் தட்டி, உனக்குப் பின்னாடி நான் இருக்கேன்னு சொல்லிப்பாங்க. போன மாசம் ஒரு புதுப் பையன் நடு சீன்ல வார்த்தை வராம நின்னான், கை நடுங்கறது எனக்கு மூணாவது வரிசையிலேருந்தே தெரிஞ்சுது. ஓரத்துல நின்ன ஒரு சீனியர் அக்கா மேடைக்கு குறுக்கால ஓடி, அப்படி ஓடினா சீன் முடிஞ்சுதுன்னு அர்த்தம், சீனை முடிச்சு வச்சாங்க, அடுத்த சீன்ல அவனையே கூப்பிட்டு டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சு, அவன் வெறுமனே தலையாட்டினாலே போதும்கற மாதிரி கொண்டுபோனாங்க. அந்த அக்காவுக்கு அன்னிக்கு கைதட்டல் கம்மி. எனக்கு அந்த ஷோவுல பெரிய நடிகை அவங்கதான்.

சேரணும்னு நினைக்கறவங்க முதல்ல ஒரு கிளாஸை ஓரமா உக்காந்து பாருங்க, ஒருத்தர் தடுமாறறப்போ வாத்தியார் முகத்தைப் பாருங்க. பழைய இடத்துல என்கூட இருந்தாளே, அந்த மூணு பேர்ல ஒருத்தி, அவ அல்சூர்ல எங்க தெருவுக்குப் பின்னாடிதான் இருக்கா. போன சனிக்கிழமை கூட்டிட்டுப் போனேன். கதவுப் பக்கத்து நாற்காலில பையை மடியில வச்சுட்டு ரெண்டு மணி நேரம் பார்த்தா. இறங்கி வர்றப்போ, அடுத்த வாரமும் கூப்பிடுன்னு சொன்னா.