உரத்த குரலில் பேசியது குற்றமா?

டல்லாஸில் இருக்கும் சித்தி மகன் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ட்ரம்ப் பேசும் வீடியோ ஒன்றைப் போட்டு, "ஒரு ஜனாதிபதி பேசுற பேச்சா அண்ணே இது? இதுக்காகவே பதவியை விட்டுத் தூக்கணும்" என்று எழுதியிருந்தான். அவனுடைய மாமனார் உடனே, "நாகரிகமா பேசிக்கிட்டே திருடுறவங்களுக்கு இவர் எவ்வளவோ மேல்" என்று பதில் போட்டார். பத்து நிமிடத்தில் குழு ரணகளம். கடைசியில் என் அம்மா ஒரு பழனி முருகன் படத்தைப் போட்டு அடக்கி வைத்தார்.

இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஒருவர் வாயைப் பார்த்துத் தண்டிக்கச் சொல்கிறார், இன்னொருவர் வாயைப் பார்த்து மன்னிக்கச் சொல்கிறார். குழுவில் எழுதினால் இன்னொரு முருகன் படம் வரும். அதனால் இங்கே.

கெட்ட வாய்க்காக ஜனாதிபதியைப் பதவி நீக்கம் செய்யலாமா என்பதை அமெரிக்கா ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்துவிட்டது. 1868-ல். ஆள், ஆண்ட்ரூ ஜான்சன். லிங்கன் சுடப்பட்டதால் நாற்காலிக்கு வந்தவர். துணை ஜனாதிபதியாகப் பதவியேற்ற அன்றே போதையில் உளறியவர்.

1866 ஆகஸ்ட் கடைசியில் ஜான்சன் ரயிலேறி ஊர் ஊராகப் பேசக் கிளம்பினார். அந்த ஆண்டு காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, தேர்தல். தன் கொள்கைக்கு ஆள் சேர்க்க வேண்டும். கிளீவ்லேண்டில் கூட்டத்திலிருந்து கேலி வந்தது. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இவர் ஒவ்வொரு கூச்சலுக்கும் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தார். "ஜெஃப் டேவிஸைத் தூக்கில் போடு" என்று யாரோ கத்த, "ஏன், தாடியஸ் ஸ்டீவன்ஸைத் தூக்கில் போட்டால் என்ன?" என்று திருப்பிக் கேட்டார். டேவிஸ், தோற்றுப்போன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர். ஸ்டீவன்ஸ், பதவியில் இருக்கிற காங்கிரஸ் உறுப்பினர். அடுத்து செயின்ட் லூயிஸ். அங்கே, தன்னை இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று ஏசுகிறார்களே என்று பொருமி, அப்படியானால் கிறிஸ்து யார், ஸ்டீவன்ஸா என்கிற ரீதியில் போனார்.

ஒன்றரை ஆண்டு கழித்து இந்தப் பேச்சுகள் குற்றப்பத்திரிகையில் ஏறின. ஜான்சன் மீது பிரதிநிதிகள் சபை சாட்டிய 11 குற்றங்களில் பத்தாவது இதுதான். எழுதியவர் பெஞ்சமின் பட்லர். காங்கிரஸை இழிவுபடுத்தினார், 'உரத்த குரலில்' நிதானமற்ற, ஆத்திரமூட்டும் வசைகளைப் பொழிந்தார், கூட்டம் கூவிச் சிரித்தது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. 'உரத்த குரலில்' என்பதை நான் சேர்க்கவில்லை. அது குற்றச்சாட்டிலேயே இருக்கிறது.

விசாரணை செனட்டில் நடந்தபோது ஜான்சனின் வழக்கறிஞர் வில்லியம் எவர்ட்ஸ் இதை எதிர்கொண்ட விதம் அழகு. நாகரிகம் பற்றி வகுப்பெடுக்க வந்திருக்கிறார்களே, இவர்கள் சபையில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் பார்ப்போம் என்று சபைக் குறிப்பையே வாசித்துக் காட்டினார். குற்றம் சாட்ட வந்த குழுவில் பட்லரும் ஜான் பிங்கமும் பக்கத்துப் பக்கத்தில். அந்தப் பிங்கம் அதே பட்லரைப் பார்த்து, பாட்டிலுக்குள் வாழ்ந்துகொண்டு ஸ்பூனால் ஊட்டப்படுகிற மனிதர் என்று முன்பு சபையில் சொல்லியிருந்தார். உள்நாட்டுப் போரில் பட்லரின் படை மூடி போட்ட பாட்டிலுக்குள் மாட்டியது போல முடங்கிக் கிடந்தது ஒரு கதை. நியூ ஆர்லியன்ஸில் அதிகாரியாக இருந்தபோது வெள்ளி ஸ்பூன்களைத் திருடினார் என்ற பேச்சு இன்னொரு கதை. இரண்டையும் ஒரே வரியில் வைத்துக் குத்தியிருந்தார். எவர்ட்ஸ் அதை வாசித்த பிறகு பத்தாவது குற்றச்சாட்டுக்கு என்ன மரியாதை மிஞ்சியிருக்கும்? செனட் அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. 11, 2, 3 ஆகிய மூன்றில் மட்டும் ஓட்டு. மூன்றிலும் குற்றவாளி என்று 35, இல்லை என்று 19. பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதற்கு ஒரே ஒரு ஓட்டு குறைவு. ஜான்சன் தப்பினார்.

எனக்கு வயிற்றெரிச்சல் தருவது அவர் தப்பியது இல்லை. எதற்காக விசாரிக்கப்பட வேண்டுமோ அது குற்றப்பத்திரிகையில் நேராக வரவே இல்லை என்பதுதான். விடுதலையான கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டங்களை ஜான்சன் ஒவ்வொன்றாக வீட்டோ செய்தார். 1866 ஜூலை 30 அன்று நியூ ஆர்லியன்ஸில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகக் கூடியவர்கள் மீது வெள்ளைக் கும்பலும் போலீஸும் பாய்ந்து 30 பேருக்கும் மேல் கொன்றார்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். செயின்ட் லூயிஸ் பேச்சில் ஜான்சன் அந்தப் பழியைத் தூக்கி காங்கிரஸ் மேல் போட்டார். அந்தப் பேச்சில் குற்றம் என்று ஒன்று இருந்தால் இதுதான், குரலின் உயரம் இல்லை. 1867 டிசம்பரில் அவருடைய ஆட்சி முறையையே காரணம் காட்டி வந்த தீர்மானம் 57-க்கு 108 என்று தோற்றது. சட்ட மீறல் என்று கையில் பிடிக்க ஒன்று வேண்டியிருந்தது. போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை, செனட் ஒப்புதலின்றி நீக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறி நீக்கியதும் அது கிடைத்தது. (ஸ்டான்டன் அலுவலகத்தை விட்டு நகர மாட்டேன் என்று மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தது தனிக் கூத்து.)

சரி, எதற்கெல்லாம் பதவி நீக்கலாம் என்று அரசமைப்பு என்னதான் சொல்கிறது? தேசத்துரோகம், லஞ்சம், 'இதர பெரும் குற்றங்களும் தவறான நடத்தைகளும்'. 1787 செப்டம்பர் 8 அன்று பிலடெல்பியாவில், அரசமைப்பை எழுதக் கூடியவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசன் முதலில் கேட்டது 'மோசமான நிர்வாகம்' என்ற சொல்லை. அவ்வளவு தெளிவில்லாத சொல்லைப் போட்டால், செனட்டுக்குப் பிடிக்கிறவரை மட்டும்தான் ஜனாதிபதி பதவியில் இருக்க முடியும் என்று அதே கூட்டத்தில் இருந்த மேடிசன் மறுத்தார். உடனே மேசன் மாற்றிக் கொடுத்ததுதான் இந்த வார்த்தைகள். தேசத்துரோகம் மட்டும் போதாது என்பதற்கு மேசன் சொன்ன உதாரணம் யார் தெரியுமா? நம்ம வாரன் ஹேஸ்டிங்ஸ். வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் என்று பெரிய ஆளாவதற்கு முன் சென்னைக் கோட்டையில் வேலை பார்த்தவர். மேசன் பேசிய அந்தச் சமயத்தில் லண்டனில் ஹேஸ்டிங்ஸ் மேல் நாடாளுமன்ற விசாரணைக்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. அதிகாரத்தை வைத்து என்ன செய்தார் என்பதுதான் அங்கே கேள்வி.

இந்த வித்தியாசம் 2019 ஜூலையில் சில நாள் இடைவெளியில் கண்முன்னால் நடந்தது. நான்கு பெண் காங்கிரஸ் உறுப்பினர்களைக் குறிவைத்து, வந்த நாட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று ட்ரம்ப் ட்வீட் போட்டார். நால்வரில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். கேவலமான பேச்சு, சந்தேகமே இல்லை. சபை 240-க்கு 187 என்று கண்டித்தது. மறுநாள், ஜூலை 17 அன்று, ஆல் கிரீன் என்ற டெக்சாஸ் உறுப்பினர் இதற்காகவே பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 332-க்கு 95 என்று ஓரங்கட்டினார்கள். அவருடைய கட்சிக்காரர்களே பலர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். என் பார்வையில் இரண்டு ஓட்டுமே சரி.

ஜூலை 25 அன்று ட்ரம்ப் உக்ரைன் ஜனாதிபதி ஜெலன்ஸ்கிக்கு போன் செய்தார். அந்த உரையாடல் குறிப்பைப் படித்துப் பாருங்கள். வாழ்த்தில் தொடங்குகிறது. ஜெலன்ஸ்கியை நோக்கி ஒரு கடுஞ்சொல் கிடையாது. நடுவில் மெதுவாக, எங்களுக்கு ஒரு உதவி செய்யுங்களேன் என்று வருகிறது. தேர்தலில் தன்னை எதிர்த்து நிற்கப்போகிறவரை விசாரிக்கச் சொல்கிறார். அந்த நாட்டுக்குப் போக வேண்டிய ராணுவ உதவியோ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. டிசம்பரில் சபை அவர் மேல் குற்றம் சாட்டியது இந்த மரியாதையான போனுக்காக.

முன்னாள் ஜனாதிபதி நிக்ஸன் கதையும் இதே ரகம். 1974 ஏப்ரலில் வெளியான உரையாடல் பதிவுகளில் பக்கத்துக்குப் பக்கம் '(வசைச்சொல் நீக்கப்பட்டது)'. வெள்ளை மாளிகையில் இப்படியா பேசுவார்கள் என்று ஊரே முகம் சுளித்தது. அவரைக் கவிழ்த்தது வசைச்சொல் இல்லை. வாட்டர்கேட் விவகாரத்தில் எஃப்.பி.ஐ. விசாரணையை, உளவுத்துறை சி.ஐ.ஏ.வை வைத்து நிறுத்தப் பார்த்தது இன்னொரு பதிவில் இருந்தது. அது வெளியான நாலாவது நாள் பதவி விலகினார்.

பேச்சே செயலாகிற இடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2021 ஜனவரியில் ட்ரம்ப் ஜார்ஜியா மாநில அதிகாரியை அழைத்து எனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்பதும், ஜனாதிபதி தேர்தல் முடிவை நாடாளுமன்றம் எண்ணி உறுதிசெய்யும் நாளில் கூட்டத்தை அதை நோக்கி அனுப்புவதும் வெறும் வாய்த்துடுக்கு இல்லை. இதற்கான பதவி நீக்க விசாரணையில் செனட்டில் 57 பேர் ட்ரம்ப் குற்றவாளி என்றார்கள், 67 வேண்டும். அங்கே அவர் பண்பாகப் பேசியிருந்தாலும் என் கருத்து அதேதான்.

ஜான்சனுக்கு வருகிறேன். 1875 மார்ச்சில் டென்னசி மாநிலத்தின் செனட்டராக, தன்னை விசாரித்த அதே அவைக்குத் திரும்பி வந்தார். மேசை மேல் பூக்கள் வைத்திருந்தார்கள். பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அப்போதைய துணை ஜனாதிபதி ஹென்றி வில்சன். 1868-ல் குற்றவாளி என்று ஓட்டுப் போட்டவர். பழைய எதிரிகள் கைகுலுக்கினார்கள். எல்லாம் மிக நாகரிகமாக நடந்தது. நியூ ஆர்லியன்ஸைப் பற்றி அன்றைக்கு யாரும் அவரிடம் கேட்டதாக நான் படித்ததில்லை.